ஒல்லாந்துப் புத்தகங்களும் யோகேந்திரனின் இரத்தமும்

தான் ஐம்பத்தெட்டு வயதில் சாகப் போவதாக என் மச்சான் யோகேந்திரன் இருபத்தைந்து வருடங்களாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பயந்து சொல்கிற மாதிரி அல்ல. நாளைக்குப் பனி கொட்டும் என்று ரேடியோவில் சொல்வார்களே, அந்த மாதிரி. கலியாண வீட்டிலும் சொல்வான், செத்த வீட்டிலும் சொல்வான். மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் மரக்கறி வாங்க நிற்கிற சனத்துக்கும் சொல்வான். ஒருவரும் காது கொடுக்காவிட்டால் வெண்டிக்காய் நுனியை முறித்துப் பார்த்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

இந்த வருடம் ஐப்பசியில் அவனுக்கு ஐம்பத்தெட்டு பிறக்க இருந்தது. அதனால் பேச்சு இன்னும் கூடிவிட்டது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவனுடைய சாவு அவனுடைய மகளின் வேலைக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. அதனால்தான் நான் வாய் திறக்க வேண்டி வந்தது.

முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவும் யோகேந்திரனுடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அம்மா மூத்தவ, அவர் கடைக்குட்டி. எனக்கு அம்மான். ஆகவே யோகேந்திரன் எனக்கு மச்சான், இருபத்தொரு வயது இளைய மச்சான். மச்சான் என்றால் நக்கலடிக்க உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் விசாரிப்பார்கள். பெடியனுடைய தாய் எந்த ஊர், தாயின் தாய் எந்த வீடு, அந்தக் குடும்பத்தில் விசர், வலிப்பு, கிணற்றில் குதித்த ஆள் யாரும் உண்டா என்று நாலு பக்கமும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து வரணிப் பக்கத்துக் குடும்பம் என்றால் றொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கடைசியில் எனக்குத்தான் ரெலிபோன் வரும். தியாகராசாவைக் கேளுங்கோ, அவருக்குத் தெரியும் என்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மொன்றியலில் ஒரு கிரேக்கனுடைய சாப்பாட்டுக் கடையில் முப்பத்தொரு வருடம் கோப்பை கழுவினவன். ஆனால் எங்கள் பகுதியில் யார் யாருக்குப் பிறந்தது என்பது எனக்கு நாலு தலைமுறைக்குப் பாடம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். கேட்காததைச் சொல்லமாட்டேன். அது அம்மா பழக்கிவிட்டது.

இனி யோகேந்திரன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு நாட்டை விட்டு ஓடினான். எல்லோருந்தான் ஓடினோம். ஏஜென்சிக்காரன் கனடா என்று சொல்லி ஏற்றி, ஒல்லாந்தில் இறக்கிவிட்டான். அங்கே அவனை ஓர் அகதி முகாமில் வைத்திருந்தார்கள். கூட இருந்த பெடியள் வேலைக்கு வேண்டிய நூறு சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்கும் பூத்தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். இவனுக்கு மழைக்குள் இறங்க விருப்பமில்லை. மொழி படிப்பிக்க வந்த வயதான ரீச்சர் ஒருத்தி, செத்துப்போன தகப்பனுடைய வீட்டை ஒதுக்கும்போது கிடைத்த பழைய கதைப் புத்தகங்களை இவனிடம் கொடுத்தாள். எட்டு வருடம் அவற்றோடு கிடந்தான். மூளை உள்ளவன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூளை இல்லாத சோம்பேறிக்கு ஒரு வெட்கமாவது இருக்கும். மூளை உள்ளவன் காரணம் கண்டுபிடித்துவிடுவான்.

காரணம் முழுக்க அந்தப் புத்தகங்களுக்குள் இருந்தது. நூற்று முப்பது, நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தி அந்த நாட்டில் எழுதின கதைகள். அந்தக் காலத்தில் அங்கே எழுதுகிற ஆட்களுக்கு ஒரு கொள்கை பிடித்திருந்ததாம்.

"மனுசன் தன்ர எண்ணத்துக்கு ஒண்டும் செய்யிறேல்லை, மச்சான்," என்பான். "அவனை மூண்டு கயிறு இழுக்குது. ஒண்டு இரத்தம். மற்றது அவன் இருக்கிற இடம். மூண்டாவது அவன்ர காலம். நாங்கள் நடக்கிறம் எண்டு நினைக்கிறம். நடக்கிறது கயிறு."

"அப்ப கயிறை ஆர் பிடிச்சிருக்கிறது? கடவுளோ?"

"கடவுள் இல்லை. ஒருத்தரும் இல்லை. அதுதான் அதின்ர விசேசம்."

"ஒருத்தரும் பிடிக்காட்டில் கயிறு கீழ விழுந்தெல்லே கிடக்கும்?"

"உங்களுக்கு விளங்காது."

சாதகம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு. செவ்வாயும் சனியும் மூடத்தனமாம். தாயின் தகப்பன் ஐம்பத்தெட்டு வயதில் கிணற்றில் விழுந்தார், ஆகவே நானும் விழுவேன் என்பது விஞ்ஞானமாம்.

தொண்ணூற்றேழில் சிவாஜினி அவனை இங்கே ஸ்பொன்சர் பண்ணி எடுத்தாள். பேசிச் செய்த கலியாணம். அவளுடைய தமையனும் நானும் மிராபெல் விமான நிலையத்துக்குக் கூட்டிவரப் போயிருந்தோம். சூட்கேசைத் தூக்க எனக்கு இடுப்பு முறிந்தது. கூறைச் சீலையும் வேறு சாமானும் ஆக்கும் என்று சிவாஜினி ஆசையோடு திறந்தாள். உள்ளே பத்தொன்பது ஒல்லாந்துப் புத்தகம், இரண்டு காற்சட்டை.

அதற்குப் பிறகு அவன் இந்த ஊரில் உழைத்த வரலாறு சின்னது. சபனெல் தெருவில் ஒரு தையல் ஃபக்டரிக்குச் சேர்த்துவிட்டேன். ஏழு மாதத்தில் விட்டான். மெசின் சத்தம் நரம்பைத் தாக்குகிறதாம். கோட்-டெ-நெய்ஜில் ஒரு மாடிக் கட்டிடத்துக்குக் காவலாளாக வைத்தார்கள். வாசற்படியில் பனியை வழிக்காமல் விட்டு, தபால்காரர் விழுந்து கை முறிந்தது. "அந்தக் கட்டிடத்தின்ர சூழல் மனுசனை அப்பிடி ஆக்கிப்போடும்," என்றான். கார் நிறுத்துமிடத்தில் சிறு கூண்டு ஒன்றுக்குள் இருந்து ரிக்கற் கொடுக்கிற வேலை ஒன்றில் மட்டும் நாலு வருடம் நின்றான். வாசிக்க வசதி. பிறகு அங்கே ஆளுக்குப் பதில் மெசின் வைத்தார்கள். அந்த மெசின் இவனைவிட நல்லாய் வேலை செய்தது.

கார் ஓட்டும் சோதனைக்கு நாலு தரம் போனான். மூன்றாம் தரம் நிறுத்தற் பலகையில் நிறுத்தாமல் போய்விட்டான்.

"கண்டனான் மச்சான். கால் அமத்தேல்லை."

"ஆரின்ர கால்?"

"என்ர காலுக்குள்ள என்ர பாட்டன்ர நரம்பு."

சிவாஜினிக்கு ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், குசினி வேலை. அறுபது குழந்தைகளுக்குச் சாப்பாடு. காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவாள். இருபத்தெட்டு வருடம் அந்த வீட்டுக்கு அரிசியும் வாடகையும் அவளுடைய கைதான்.

என் மனைவி செத்து ஒன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவாஜினி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். சாப்பிட்டு முடிந்ததும் யோகேந்திரன் கதை சொல்லத் தொடங்குவான். ஒரு கதை இப்படி: கால்வாய்க் கரையில் பெரிய வீடு. வீட்டுக்காரன் ஒரு குடிகாரனின் மகன். நல்ல உத்தியோகம். முதல் நூறு பக்கத்துக்குக் குடிக்கமாட்டான். பிறகு மழை பெய்யும். இன்னும் நூறு பக்கத்துக்குப் பெய்யும். பிறகு குடிப்பான். மனைவிக்குத் தலையிடி. யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்திருப்பாள். கடைசியில் வீட்டுக்காரன் கால்வாய்க்குள் போவான்.

"அந்த வீட்டில அடுப்பு மூட்டுறது ஆர்?" என்று கேட்டேன்.

"என்ன?"

"குளிர் நாடு. மனிசி படுத்திருக்கிறா. மனுசன் வெறியில கிடக்கிறான். அடுப்பு எரிஞ்சாத்தானே இருக்கலாம். ஆர் மூட்டினது?"

யோகேந்திரன் யோசித்தான். "ஒரு வேலைக்காரி வருவாள். காலமை கரி போடுவாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்."

"அவளுக்குப் பேர்?"

"பேர் எழுதேல்லை."

"அவளுக்கு நரம்பு இருக்கோ?"

குசினிக்குள் சிவாஜினி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அது வேற வகுப்பு மச்சான். அவளுக்கு அந்த இரத்தம் இல்லை."

"இரத்தம் இல்லாமலோ கரி வாளி தூக்கினவள்?"

பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்டுப் பார்த்தேன். பத்தொன்பது புத்தகத்தில் பதினெட்டில் ஒரு வேலைக்காரி இருந்தாள். ஒருத்திக்கும் தலையிடி வரவில்லை. மிச்சமாயிருந்த ஒரு கதை என்னை வாயடைக்க வைத்ததையும் சொல்லத்தான் வேண்டும். கடற்கரை ஊரில் மீன் பெட்டி சுமக்கிற ஒருத்தி. எவ்வளவு சுமந்தும் அவளால் மேலே வரமுடியவில்லை. அவளை இழுத்து விழுத்தியது பாட்டனுடைய இரத்தம் அல்ல, படகுக்காரனும் வீட்டுக்காரனும். அதை எழுதியவன் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். யோகேந்திரனுக்கு அந்தக் கதை அவ்வளவு பிடிக்காது. அதில் சாய்மனைக் கதிரை இல்லை.

இவர்களுடைய ஒரே மகள் ஆர்த்திகா. இருபத்தேழு வயது. தாதிப் படிப்பு முடித்து, ஓர் ஆஸ்பத்திரியில் நிரந்தரம் இல்லாமல், கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி ஓடி நாலு வருடம். சத்திரசிகிச்சை அறையில் நிற்கிற தாதியாக வரவேண்டும் என்பது சின்னனிலிருந்தே அவளுக்கு ஆசை. ஆடி மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வடக்கே எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போகிற ஒரு சுரங்க ஊர். அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை. சத்திரசிகிச்சைப் பயிற்சியும் அவர்களே கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பிள்ளை சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

"மாமா, நான் வரேல்லை எண்டு எழுதப்போறன்," என்றாள்.

"ஏன் பிள்ளை?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். யோகேந்திரன் கையைக் கழுவிக்கொண்டு போய், பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதியிருந்தான். மேலே கந்தப்பரின் தகப்பன், ஐம்பத்தெட்டு, கிணறு. அதற்குக் கீழே கந்தப்பர், யோகேந்திரனுடைய தாயின் தகப்பன், ஐம்பத்தெட்டு, கிணறு. அதற்குக் கீழே கந்தப்பரின் மகன் தம்பிராசா, ஐம்பத்தெட்டு, முகாமில் தானே உயிரை விட்டவர். அதற்குக் கீழே யோகேந்திரன், ஐம்பத்தெட்டு. பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் ஆர்த்திகா. அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'நரம்பு'.

"கந்தப்பற்றை தேப்பன் பிறந்த வருசம் உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "அந்தாளுக்கே தெரியாது."

"கணிச்சுப் பாத்தனான்."

"செத்த வருசத்தில இருந்து அம்பத்தெட்டைக் கழிச்சோ?"

"பகிடி விடுங்கோ மச்சான். ஆனால் பிள்ளையைப் பாருங்கோ. சோதனைக்குப் போகேக்க கை நடுங்கினது. என்ர அம்மாவும் இப்பிடித்தான், தலையிடி எண்டு இருட்டுக்குள்ள படுப்பா. வடக்கில அரை வருசம் இருட்டு. தனிச்ச பொம்பிளைப் பிள்ளை. அந்த இடமும் இந்த இரத்தமும் சேர்ந்தால் என்ன நடக்கும் எண்டு நான் படிச்சிருக்கிறன்."

"கொம்மாவுக்கு வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடி. யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் குடுத்தது நான். பேந்து ஒரு தலையிடியும் வரேல்லை."

"தம்பிராசா மாமா?"

அதற்கு நான் பகிடி விடவில்லை. தம்பிராசா இரண்டாயிரத்தொன்பது கடைசிச் சண்டையில் பதுங்கு குழியில் இரண்டு மகன்மாரைக் கையால் புதைத்துவிட்டு முகாமுக்கு வந்த மனிதன். அதையும் இரத்தம் என்று சிவப்பு மையில் எழுதுகிறவனுக்கு என்ன சொல்வது? ஷெல் அடித்தவனைப் பற்றி அந்தக் கலண்டர் தாளில் ஒரு சொல் இல்லை.

ஆர்த்திகா கோப்பையைத் தள்ளிவைத்தாள். "எனக்கு என்னைப் பற்றிப் பெரிசாப் பயமில்லை மாமா. கொஞ்சம் இருக்கு. எந்த மெடிக்கல் ஃபோம் நிரப்பினாலும் குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி நடந்ததோ எண்டு கேப்பினம். நான் அப்பாவின்ர பாட்டன், அப்பாவின்ர மாமா எண்டு எழுதுவன். எழுதேக்க ஒருமாதிரித்தான் இருக்கும். ஆனால் அது இல்லை பிரச்சினை. ஐப்பசியில அப்பாவுக்கு அம்பத்தெட்டு. நான் அங்கை நிக்கேக்க இஞ்சை ஏதும் நடந்தால்? அம்மா விடியவே வேலைக்குப் போயிடுவா. வீட்டில ஆர்? நான் எப்பிடிப் பேந்து இருப்பன்?"

"நான் ஒருத்தரையும் பிடிச்சு வைக்கேல்லை," என்றான் யோகேந்திரன். "பிள்ளை தானாச் சொல்லுறாள்."

"தானாவோ? இப்ப கயிறெல்லாம் எங்கை போயிட்டுது?"

அவன் தாளை மடித்தான். சிவாஜினி எழும்பிப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். என்னை வழியனுப்பக் கதவடிக்கு வந்தபோது, "அண்ணை, உலகத்துக் குடும்பமெல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்த மனுசனுக்கு ஒரு கதை சொல்ல உங்களிட்டை ஒண்டுமில்லையோ?" என்றாள்.

இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

அறுபத்துநாலில் என் அம்மானுக்கு, யோகேந்திரனுடைய அப்பாவுக்கு, பெண் பேசினபோது, விசாரிக்கப் போனது என் அம்மா. எனக்குப் பதினெட்டு வயது. அவவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். மூன்று வீடு ஏறி இறங்கினோம். மூன்றாம் வீட்டில்தான் உண்மை வந்தது. பெண் கந்தப்பருக்குப் பிறந்தவள் அல்ல. அவளுடைய தாய் முதலில் முடித்தது வினாசித்தம்பி என்ற ஒருவரை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவர் பாம்பு கடித்துச் செத்துப்போனார். இரண்டு வருடம் கழித்துக் கந்தப்பர் அந்த விதவையைக் கூட்டிவந்து, பிள்ளையையும் தன் பிள்ளையாகவே வளர்த்தார். சிவநேசமும் தம்பிராசாவும் அதற்குப் பிறகு கந்தப்பருக்குப் பிறந்தவர்கள். தாலி அறுத்தவள் மறுபடி தாலி கட்டினால் சனம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரிக் கேட்ட காலம் அது. அதனால் ஊர் மாறி இருந்து, மூத்தவளும் கந்தப்பரின் பிள்ளை என்றே சொல்லிவிட்டார்கள்.

அம்மா இதைத் தன் தம்பியிடம் மட்டும் சொன்னா. "அதுக்கென்ன," என்றார் அம்மான். கலியாணம் நடந்தது. "அவளின்ர பிள்ளையளின்ர காதில இது விழக்கூடாது, தியாகு," என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினா.

அறுபத்தொரு வருடம் மூடிவைத்திருந்தேன். யோகேந்திரன் ஐம்பத்தெட்டு என்று சொல்லச் சொல்ல, இவனுக்கும் அந்தக் கிணற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அது என் பிழைதான். வெட்கத்துக்காக மறைத்த ஒன்றால் இந்தப் பிள்ளை இன்னொரு குடும்பத்துச் சாவைத் தன் ஃபோமில் எழுதிக்கொண்டு திரிகிறாள். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா என்று இரண்டு நாள் யோசித்தேன். செத்தவர்களின் மானத்தை உயிரோடு இருக்கிற பிள்ளையின் வேலையை விற்றுக் காப்பாற்ற முடியாது என்று தீர்மானித்துக்கொண்டு, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். இங்கே பாதி ஊர் மூடுகிற கட்டிடத் தொழிலாளர் விடுமுறை என்று கார்டெரி பூட்டியிருந்தது. சிவாஜினியும் வீட்டில். ஆர்த்திகா லப்ரொப்புக்கு முன்னால் இருந்து கடிதத்துக்குப் பதில் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"எழுதாதை பிள்ளை. பொறு," என்றேன். "யோகன், உனக்கும் கந்தப்பருக்கும் ஒரு சொந்தமும் இல்லை."

"என்ன விசர்க்கதை?"

சொன்னேன். சைக்கிள், மூன்று வீடு, வினாசித்தம்பி, பாம்பு, எல்லாம் சொன்னேன். அவனுடைய முகம் கறுத்தது.

"பொய். பிள்ளையை அனுப்பிறதுக்காகக் கட்டி விடுறீங்கள்."

"சிவநேசம் உயிரோடதானே இருக்கிறாள். கேள்."

சிவநேசம் அவனுக்குச் சின்னம்மா, கந்தப்பரின் சொந்த மகள், இன்றைக்கும் வரணியில் இருக்கிறாள். அங்கே பின்னேரம் ஆறரை. வீடியோவில் எடுத்தான். அவள் ரீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, அம்மா உங்கட கூடப்பிறந்த அக்காதானே?"

"இதென்ன கேள்வி மோனை? ஒரு வயித்தில பிறந்தனாங்கள்."

"ஒரு தேப்பனுக்கோ?"

நாடகத்தில் யாரோ அழத் தொடங்கினார்கள். சிவநேசம் ரீவியை நிற்பாட்டினாள்.

"உது உனக்கு ஆர் சொன்னது? தியாகராசாவோ? அவன்ர வாய் அழுகிப்போக."

"நான் இஞ்சைதான் நிக்கிறன் சிவநேசம்," என்றேன்.

"நிண்டால் நில். அழுகிப்போக." பிறகு குரல் இறங்கியது. "ஓம் மோனை. அக்கா வினாசித்தம்பியற்றை பிள்ளை. ஐயா ஒருநாளும் வித்தியாசம் பாக்கேல்லை. எனக்கு அடி விழும், அக்காவுக்கு விழாது. அக்கா சாகேக்கையும் சொல்லாதை எண்டுதான் சொல்லிப்போட்டுச் செத்தவ."

"சிவநேசம், உனக்கு இப்ப எத்தினை வயசு?" என்று நான் கேட்டேன்.

"எழுபத்தொன்பது. உனக்குத் தெரியாதே, சனியன்?"

"கந்தப்பற்றை சொந்த இரத்தம் நீ. அம்பத்தெட்டில என்ன செய்தனீ?"

"அம்பத்தெட்டிலையோ?" அவள் உண்மையாகவே யோசித்தாள். "பல்லுக் கட்டினனான்."

சிவாஜினி முன்றானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் யோகேந்திரனைப் பார்த்தேன். "சின்னம்மாவை உன்ர தாளில எழுதேல்லையே?"

"ஆம்பிளை வழிதான்..."

"அப்ப ஆர்த்திகாவை ஏன் எழுதினனீ?"

சின்னம்மா இன்னும் இரண்டு தரம் என் வாயைச் சபித்துவிட்டு ஃபோனை வைத்தாள்.

"அப்ப எங்கட பிள்ளைக்குக் கந்தப்பற்றை இரத்தம் ஒண்டும் இல்லையோ அண்ணை?" என்று சிவாஜினி கேட்டாள்.

"ஒரு துளியும் இல்லை. தம்பிராசா தாய் வழியில சொந்தம்தான், ஆனால் அந்தாளைச் சாக்காட்டினது ஷெல்."

ஆர்த்திகா கதிரையை விட்டு எழும்பி யன்னலடிக்குப் போனாள். அழப்போகிறாளோ என்று பார்த்தேன். "நாலு வருசமா நான் ஃபோமில பொய் எழுதியிருக்கிறன்," என்றாள். திரும்பி வந்து இருந்தாள். எழுதினதை அழித்தாள். பிரெஞ்சில் புதிதாக நாலு வரி எழுதினாள். பொத்தானை அமத்துவதற்கு முன்னால் தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, ஐப்பசியில லீவு எடுத்துக்கொண்டு வருவன். கேக் வெட்டுவம். சரியோ?"

அவன் தலை ஆடினதா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் அமத்திவிட்டாள்.

மனிதனுக்குச் சாவு இல்லை என்று சொன்னால் சந்தோசப்படுவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமான் களவுபோன வீட்டுக்காரன் மாதிரி இருந்தது முகம்.

"அப்ப நான் ஏன் இப்பிடி?" என்றான் கடைசியில்.

"அதைத்தானே நான் இருபத்தெட்டு வருசமாக் கேக்கிறன்," என்றாள் சிவாஜினி. அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் யோகேந்திரன் புதுத் தாள் ஒன்றோடு வந்தான். கோடு போட்டிருந்தான்.

"அந்த வினாசித்தம்பி, மச்சான். அந்தாள் எப்பிடிப்பட்ட மனுசன்? விசாரிச்ச இடத்தில என்ன சொன்னவை?"

"செத்தது இருபத்தாறு வயசில. நீ அதைத் தாண்டி எவ்வளவு காலம்."

"சாவை விடுங்கோ. குணம் என்ன? நரம்பு எப்பிடி?"

"நரம்போ? விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பிப் புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கப் போற மனுசனாம். ரெண்டு பேர் இறைக்கிறதைத் தனிய இறைச்சு முடிப்பாராம். தன்ர தோட்டம் முடிஞ்சால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடுவாராம். பாம்பு கடிச்ச அண்டைக்கும் மிச்ச வரம்பை முடிச்சுப்போட்டுத்தான் வைத்தியரிட்டைப் போனதாம். அதாலதான் செத்தது எண்டு சனம் சொன்னது."

யோகேந்திரன் பேனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி இருந்தான். எழுதவில்லை.

"எழுதன்," என்றேன். "சொந்தப் பாட்டன். சுத்தமான இரத்தம்."

அவன் பேனையை மூடினான். "உழைப்பு இரத்தத்தில வாறதில்லை மச்சான்," என்றான்.

ஆவணி கடைசியில் ஆர்த்திகா வெளிக்கிட்டாள். பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். வெயில் எரிக்கிறது, இவன் கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மகளுடைய பெரிய சூட்கேசை நான் ஒரு பக்கமும் சிவாஜினி ஒரு பக்கமும் பிடித்தோம். இவனுடைய கையில் ஒரு புத்தகம்தான். அந்த மீன்காரியின் கதை. பிள்ளை ஒல்லாந்து மொழி படித்தவள் அல்ல. அவன் தாளுக்குத் தாள் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தான். ஒரு மாதமாக இருந்து எழுதியிருக்கிறான். அவன் உட்கார்ந்து செய்து முடித்த வேலை என்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

"எட்டு மணித்தியாலம் இருக்கு பிள்ளை. வாசிச்சுக்கொண்டு போ," என்றான்.

ஆர்த்திகா புத்தகத்தை வாங்கித் தோள் பைக்குள் வைத்தாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். பஸ் படியில் ஏறியபடியே திரும்பினாள்.

"பேந்து வாசிக்கிறன் அப்பா. இப்ப நான் நித்திரை கொள்ளப்போறன்."